பங்கஜம் அக்கா பனியாற்றுக்குக் குடம் கொண்டுபோன கதை

பங்கஜம் அக்காவுக்கு நாலு டிகிரியெல்லாம் குளிரே இல்லை. ஆக்லாந்தின் விரி பகுதியில் இருக்கும் குளிர்பதனக் கிடங்கு ஒன்றில், மைனஸ் இருபத்தைந்தில், பதினோரு வருடமாக வேலை செய்கிறார். உறைந்த பட்டாணி, மீன், கோழி, ஐஸ்கிரீம் எல்லாம் கூரை வரை அடுக்கியிருக்கும். எந்த வரிசையில் எத்தனை பெட்டி எடுக்க வேண்டும் என்று காதில் மாட்டிய கருவி சொல்லும். எடுத்து முடித்ததும் அக்கா அதற்குப் பதில் சொல்ல வேண்டும். "இந்த நாட்டுல என் இங்கிலீஷ ஒரு தடவையிலேயே புரிஞ்சுக்கறவன் இவன் ஒருத்தன்தான்" என்பார்.

ஈரோட்டிலிருந்து கணவர் சரத்தின் விசாவில் வந்தவர். சரத்தின் கம்பெனி ஒருநாள் ஆட்குறைப்பு செய்தபோது, "மூணு மாசம் சமாளிக்கலாம்" என்று கிடங்கில் சேர்ந்தார். சரத்துக்கு நாலாவது மாதமே வேறு வேலை கிடைத்தது. அக்கா கிடங்கு வேலையை விடவில்லை. ஃபோர்க்லிஃப்ட், ஆளைத் தூக்கிக்கொண்டு மேலே போகும் லிஃப்ட் என்று ஒவ்வொன்றுக்கும் பரீட்சை எழுதிச் சான்றிதழ் வாங்கி, அதையெல்லாம் தகனினியில் இருக்கும் தன் வீட்டு வரவேற்பறையில் மகனின் நீச்சல் பதக்கங்களுக்கு மேல் வரிசையாக மாட்டியிருக்கிறார்.

இரண்டரை வருடம் ஊர் சுற்றிவிட்டு, கையில் ஒரு பையோடு ஆக்லாந்து திரும்பிய நான், அடுத்து என்ன என்று தெரியாமல் அதே கிடங்கில் தற்காலிக வேலைக்குப் போனேன். முதல் நாளே அக்கா என் பூட்ஸைப் பார்த்து, "ராகவி, இது மலை ஏறற பூட்ஸ். உள்ள வேலை செய்யற பூட்ஸ் இல்ல. போய் மாத்திட்டு வா" என்று திருப்பி அனுப்பினார். இடைவேளைகளில் நான் போன இடங்களைப் பற்றிக் கேட்பார். பனியாறுகளைப் பற்றிச் சொன்னபோது மட்டும் முகம் கொஞ்சம் இறுகியது.

"பதினோரு வருஷமா ஐஸுக்குள்ளயே கிடக்கறேன். நிஜ ஐஸ் ஒரு தடவை பாக்கலடி."

அந்த ஆசை ஒரு சபதமாக மாறியது கோயில் கூட்டத்தில்.

எங்கள் முருகன் கோயில் விரியில்தான் இருக்கிறது. பழைய டைல்ஸ் கிடங்கு ஒன்றை வாடகைக்கு எடுத்து, உள்ளேயே கருவறையும் அதன்மேல் ஒரு சின்ன விமானமும் கட்டியிருக்கிறார்கள். வைகாசியில் கும்பாபிஷேகம். ஒன்பது குடும்பங்கள் ஒன்பது குடங்களில் தீர்த்தம் சுமந்து கோயிலைச் சுற்றி வர வேண்டும். பத்து வருடமாகப் பின்கட்டில் வெங்காயம் உரித்த அக்காவின் பெயர் முதல் தடவையாக அந்தப் பட்டியலில் வந்திருந்தது. கங்கை, காவிரி, தாமிரபரணி என்று ஒவ்வொருவரும் ஊரிலிருந்து பாட்டிலில் வரவழைப்பதாகப் பேச்சு.

அக்கா எழுந்து, "நாம குடிக்கறது குளிக்கறதெல்லாம் இந்த நாட்டுத் தண்ணி. சாமிக்கு மட்டும் எல்லாமே இறக்குமதியா? ஒரு குடமாவது இந்த ஊர்ப் பனிமலையிலிருந்து வரட்டும்" என்றார்.

செயலாளர் பழனிசாமி அண்ணன் ஒனிஹங்காவில் மளிகைக் கடை வைத்திருக்கிறார். எதற்கும் சட்டென்று சம்மதிக்க மாட்டார்.

"ஏனுங் பங்கஜம், உங்க ஃப்ரீசர்ல இருந்து ரெண்டு கட்டியப் பேத்துட்டு வந்து பனிமலைன்னு சொல்லீர மாட்டீங்கல்ல?"

கூடமே சிரித்தது. அக்காவும் சிரித்தார். பிறகு சொன்னார்: "மலைத்தண்ணி வருமுங்ணா. வரலைன்னா அன்னிக்கு நான் குடம் தூக்கல. பேர அடிச்சிருங்க."

அப்படித்தான் ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை காலை ஐந்தரை மணிக்கு முந்தின இரவே தெற்குத் தீவுக்குப் பறந்து வந்திருந்த நாங்கள் கிறைஸ்ட்சர்ச்சிலிருந்து வாடகைக் காரில் கிளம்பினோம். அக்கா தகனினிக்கும் விரிக்கும் நடுவே உள்ள மோட்டார்வேயைத் தவிர வேறு சாலையில் வண்டி ஓட்டியதில்லை, அதனால் நான்தான் ஓட்டுநர். அவர் மடியில் மூன்று லிட்டர் பிடிக்கும் சின்னச் செப்புக் குடம், கழுத்தில் நூல் சுற்றி, பொட்டு வைத்து. அதற்கும் சேர்த்துத்தான் சீட் பெல்ட் போட்டிருந்தார்.

"இப்ப காலியாத்தானே இருக்கு? பின்சீட்ல வைங்களேன்" என்றேன்.

"பழகிக்கறேன். நெறைஞ்சதுக்கப்புறம் கோயில் போற வரைக்கும் தரையில வைக்கக் கூடாது. ப்ளேன்லயும் மடியிலதான்."

மேற்கே போகப் போகப் புல் மஞ்சளாகி, மேடுகள் மலைகளாகின. ஒரு திருப்பத்தில் புகாகி ஏரி முழு நீளத்துக்கும் கண்முன் விரிந்தது. அதன் மறுகோடியில், மேகமே இல்லாத வானத்தில், அவோராக்கி மலை. வெள்ளைக்காரர்கள் மவுண்ட் குக் என்று பெயர் வைத்த அதே மலை. நான் வண்டியை ஓரம் கட்டினேன். அக்கா இறங்கவில்லை. கண்ணாடி வழியாகவே வெகுநேரம் பார்த்தார்.

"போலாம். பாத்துட்டே இருந்தா படகு போயிரும்."

பனியாற்றின் அடிவாரத்தில் ஒரு ஏரி. பனியாறு உருகி உருகிப் பின்வாங்கி விட்டுப்போன பள்ளத்தில் நிறைந்த ஏரி அது. படகில் அதன் நடுவே கூட்டிப்போவார்கள். எங்கள் படகை ஓட்டிய வழிகாட்டி மேரே, இந்த நாட்டுப் பூர்வகுடியான மாவோரிப் பெண். முப்பது வயதிருக்கும், உரக்கச் சிரிப்பவர். மற்ற பயணிகள் பத்துப் பேரும் கம்பளித் தொப்பியும் கையுறையுமாய் ஒடுங்கி நிற்க, கிடங்கில் கொடுத்த ஆரஞ்சுப் பட்டை போட்ட ஃப்ரீசர் ஜாக்கெட்டின் ஜிப்பைக் கழுத்துவரை திறந்துவிட்டபடி அக்கா வந்தார். கைகளில் குடம்.

"குளிரலையா உங்களுக்கு?" என்று மேரே கேட்டார்.

"இது நாலு டிகிரி. என் ஆபீஸ் மைனஸ் இருபத்தஞ்சு" என்றார் அக்கா.

அதன்பிறகு படகில் யாருக்குக் குளிரைப் பற்றிச் சந்தேகம் வந்தாலும் அக்காவைத்தான் கேட்டார்கள். ஒரு ஜெர்மன்காரரின் விரல்களைப் பார்த்துவிட்டு, "கையுறைய ரொம்ப இறுக்கிட்டீங்க. ரத்தம் போகணும். கழட்டிக் கக்கத்துல வச்சுக்கோங்க" என்றார். அவர் மறுபேச்சில்லாமல் செய்தார்.

ஏரித் தண்ணீர் நீலமாக இல்லை. பாறையை அரைத்து அரைத்து வந்த மாவு கலந்து, சாம்பல் வெள்ளையாக இருந்தது.

"அரிசி களைஞ்ச தண்ணி கணக்கா இருக்குது" என்றார் அக்கா, ஏமாற்றமே இல்லாமல். "நல்ல தண்ணிதான்."

மேரே படகை நிறுத்தி, மிதந்துகொண்டிருந்த ஒரு கட்டியை எடுத்து உடைத்து ஆளுக்கொரு துண்டு கொடுத்தார். எல்லோரும் வாயில் போட்டுக்கொண்டார்கள். அக்கா வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"காத்தே இல்ல பாரு இதுல. நம்ம ஐஸ் வெள்ளையா இருக்குமே, அதெல்லாம் உள்ள மாட்டிக்கிட்ட காத்து. இத எவ்வளவு வருஷம் அமுக்கி வச்சிருந்தா இப்படிக் கண்ணாடியா வரும்?"

நான் நாலு நாடுகளில் பனியாறு பார்த்திருக்கிறேன். ஒரு துண்டைக்கூட இப்படிப் பார்த்ததில்லை. படம் எடுத்துக்கொண்டு நகர்ந்துவிட்டேன்.

தூரத்தில் பனியாற்றின் முகப்பு தெரிந்தது, கல்லும் மண்ணும் மூடிய சாம்பல் நிறச் சுவர். தான் சிறுமியாக இருந்தபோது இந்த ஏரி இவ்வளவு நீளம் இல்லை என்றும், வருடா வருடம் அந்தச் சுவர் பின்னால் போய்க்கொண்டே இருக்கிறது என்றும் மேரே சொன்னார். அக்கா உதட்டைப் பிதுக்கினார். கிடங்கில் அவருக்கு வரும் ஒரே கோபம் கதவை மூடாமல் போகிறவர்கள் மேல்தான்.

"எவனோ கதவத் திறந்து போட்டுட்டான்" என்றார்.

நான் மொழிபெயர்த்தேன். மேரே சிரிக்கவில்லை. "ஆமாம். அதேதான்" என்றார்.

எல்லோரும் முகப்பைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அக்கா படகின் விளிம்பில் முழங்கையை ஊன்றி, குடத்தைச் சாய்த்து, ஒரே மூச்சில் நிறைத்துவிட்டார். பையிலிருந்த தேங்காயைக் குடத்தின் வாயில் வைத்து, மடியில் எடுத்துக்கொண்டு நிமிர்ந்தபோது மேரே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அது எங்கே போகிறது?"

"ஆக்லாந்து. எங்க கோயிலுக்கு."

மேரே எஞ்சினை அணைத்துவிட்டு அருகில் வந்து உட்கார்ந்தார். "வடக்குத் தீவுக்கு இந்தத் தண்ணீரைக் கொண்டுபோகாதீர்கள். தெற்கில் ஆறுகளை மூடிக் கெடுக்கும் ஒரு பாசி இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாது, ஒரு சொட்டில் வந்துவிடும். வடக்கில் இன்னும் இல்லை. இந்த ஏரியில் இருக்கிறது என்று சொல்லவில்லை. ஆனால் இங்கிருந்து எந்தத் தண்ணீரும் அங்கே போகாமல் பார்த்துக்கொள்கிறோம்."

படகே எங்களைப் பார்த்தது.  அக்கா கிடங்கு ஆளாகவே கேட்டார்: "ஃப்ரீசர்ல கட்டியா ஒறைய வச்சா செத்துருமா அது?"

"கெட்டியாக உறைந்தால் சாகும்."

"அப்ப சரி. என்கிட்ட ஊரையே ஒறைய வைக்கற ஃப்ரீசர் இருக்கு. மூணு நாள் வச்சுத் தர்றேன்."

மேரே சிரித்துவிட்டார். ஆனால் தலையை ஆட்டினார். "பாசிக்கு அது போதும். எனக்குப் போதாது. கோயிலில் இதை என்ன செய்வீர்கள்?"

"மத்த ஆத்துத் தண்ணியோட சேத்து சாமிக்கு ஊத்துவோம்."

"எங்கள் வீட்டில் ஓர் ஆற்றுத் தண்ணீரை இன்னோர் ஆற்றுத் தண்ணீரோடு கலக்க மாட்டோம். ஒவ்வொன்றுக்கும் தனி உயிர். அதோ அந்த மலை எங்களுக்கு மூதாதை. இது அவரிடமிருந்து வருகிற தண்ணீர்." குரலில் கண்டிப்பு இல்லை. "உங்களைத் தடுக்க மாட்டேன். கேட்டுக்கொள்கிறேன்."

கலப்பதுதான் நமக்குப் புண்ணியம். ஏழு ஆற்றுத் தண்ணீர் ஒரு குடத்தில் சேர்ந்தால் மனசு நிறைகிறது. அதுவே இன்னொருவருக்கு மனக்கஷ்டம் என்று எங்கள் கூட்டத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அங்கே கங்கைப் பாட்டில் எத்தனை வரும் என்பதைத்தான் பேசினோம்.

அக்கா என்னைப் பார்க்கவில்லை. மலையைப் பார்த்தார். தேங்காயை எடுத்து என்னிடம் கொடுத்தார். குடத்தை இரண்டு கையாலும் தூக்கி, தண்ணீரை மெதுவாக, ஒரு சொட்டு மிச்சமில்லாமல் ஏரியிலேயே விட்டார். பிறகு ஜாக்கெட்டின் உள்பக்கத்தால் குடத்தை உள்ளும் புறமும் துடைத்தார்.

வண்டி நிறுத்துமிடத்தில் ஒரு பாறையில் உட்கார்ந்து எலுமிச்சை சாதம் சாப்பிட்டோம். காலிக் குடம் எங்களுக்கு நடுவே இருந்தது.

"வெறுங்குடத்தோட கோயில் வாசல்ல போய் நிக்கக் கூடாது" என்றார் அக்கா.

"ஆக்லாந்துல இறங்கினதும் குழாயில பிடிச்சிடலாம். ரெண்டு சொட்டு பால் விட்டா இதே கலர்தான். பழனிசாமி அண்ணனுக்கு என்ன தெரியும்?" என்றேன் விளையாட்டாக.

அக்கா சாதத்தை மென்று முடித்தார். "எனக்குத் தெரியுமே."

"அப்ப குடம்? அன்னிக்குத் தூக்கறது?"

"தூக்கல. சொல்லிட்டேன்ல." ஊறுகாய் டப்பாவை மூடினார். மூடியைத் தேவைக்கு மேல் நாலு தடவை திருகினார். "புடவ எடுத்து ப்ளவுஸ் கூடத் தைக்கக் குடுத்துட்டேன். மயில் கழுத்துக் கலரு."

பிறகு சட்டென்று எழுந்தார். மேரே படகு ஜாக்கெட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்த இடத்துக்கு விறுவிறுவென்று நடந்தார். நான் பின்னாலேயே ஓடினேன்.

"ஒண்ணு கேக்கணும். எங்க குருக்கள் எந்தத் தண்ணிய வச்சாலும் கங்கை, யமுனை, காவிரின்னு பேரச் சொல்லிக் கூப்பிடுவார். கூப்பிட்டா அவங்க அந்தக் குடத்துக்கு வருவாங்க. தண்ணிய யாரும் எடுக்கறதில்ல, கலக்கறதில்ல. ஆறு ஆத்துலயேதான் ஓடும். அதே மாதிரி உங்க மலையக் கூப்பிடலாமா?"

மேரே குழாயை மூடினார். "வருவாரா?"

"கங்கை பன்னெண்டாயிரம் கிலோமீட்டர் வர்றா. இவருக்கு ஆக்லாந்து பக்கந்தானே?"

மேரே கொஞ்ச நேரம் மலைப்பக்கம் பார்த்தார். "எங்கள் மக்கள் எல்லோருக்காகவும் நான் பதில் சொல்ல முடியாது. எனக்குச் சம்மதம். பெயரைச் சரியாகச் சொல்லுங்கள். வந்தாரா என்று எனக்குத் தெரிவியுங்கள்."

அவருடைய போன் நம்பரை வாங்கிக்கொண்டோம். கிறைஸ்ட்சர்ச் வரை நாலு மணி நேரமும் அக்கா "அவோராக்கி, அவோராக்கி" என்று சொல்லிப் பார்த்தபடியே வந்தார். நடுவில் ஒரு பெட்ரோல் பங்க்கில் காபி வாங்கும்போதும் சொன்னார். காபி போடும் பையன் அப்படி ஒரு காபி இல்லை என்றான்.

மறுநாள் ஞாயிறு காலை ஆக்லாந்தில் இறங்கியதும், விமான நிலைய வாசலுக்குப் போகும் வழியில், பாட்டில் நிரப்பும் குழாயில் குடத்தை வைத்து நிறைத்தார். அதன்பிறகு தரையில் வைக்கவே இல்லை.

கோயிலில் கமிட்டி முழுக்கக் காத்திருந்தது. பழனிசாமி அண்ணன் குடத்துக்குள் எட்டிப் பார்த்தார்.

"ஏனுங் பங்கஜம், தண்ணி இவ்வளவு தெளிவா இருக்குது? பனியாத்துத் தண்ணி பால் மாதிரி இருக்கும்னு யூட்யூபுல பாத்தனே?"

"இது ஏர்போர்ட் தண்ணிங்ணா."

பழனிசாமி அண்ணன் நிதானமாகக் கேட்டார்: "டொமெஸ்டிக்கா, இன்டர்நேஷனலா?"

கூடம் குலுங்கியது. சிரிப்பு அடங்கும்வரை அக்கா குடத்தோடு அப்படியே நின்றார். பிறகு நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். பாசி, கலக்கக் கூடாதது, திருப்பி ஊற்றியது, பெயர். கடைசியாகக் குருக்களிடம் திரும்பி, "கூப்பிடுவீங்களா?" என்றார்.

குருக்கள் பதில் சொல்வதற்குள் பழனிசாமி அண்ணன் குறுக்கிட்டார். "அது அவங்க சாமிங்க. நம்ம கும்பத்துல எப்படி?"

"ஆமாங்ணா, அவங்க மண்ணு. நம்ம முருகன் இங்க வாடகைக்கு இருக்காரு. வீட்டு ஓனரக் கூப்பிடாம நீங்க பால் காய்ச்சுவீங்களா?"

குருக்கள் சிரித்துக்கொண்டே ஒரு தாளை எடுத்தார். "கங்கா ஜலமே கிடைக்காத ஊர்லயும் கும்பாபிஷேகம் நடக்கறது. ஆவாஹனம்தான் முக்கியம். பேர் என்ன சொன்னேள்? மெதுவாச் சொல்லுங்கோ."

அக்கா சொன்னார். குருக்களையும் மூன்று முறை சொல்ல வைத்தார்.

"அப்ப ஒன்பதாவது குடம் பங்கஜம்னே இருக்கட்டுமா?" என்று ஒருவர் பட்டியலை எடுத்தார்.

"வேண்டாங்க. தண்ணி வந்தாத்தான் தூக்குவேன்னு சொன்னேன். தண்ணி வரல." குடத்தைப் பழனிசாமி அண்ணனின் கைகளில் வைத்தார். "நீங்க தூக்குங்ணா. கும்பாபிஷேகம் வரைக்கும் மேடையில இருக்கட்டும். தரையில மட்டும் வச்சிராதீங்க."

வைகாசி இங்கே குளிர்காலத் தொடக்கம், அந்தக் காலை ஐந்து டிகிரி. கோயில் கிடங்கின் கதவுகளைத் திறந்துவைத்திருந்ததால் ஊரே நடுங்கியது. மயில் கழுத்துப் பட்டுப்புடவையில், சால்வை இல்லாமல், அக்கா ஊர்வலத்தின் பக்கவாட்டில் நடந்தார். மூன்றாவது சுற்றில் பழனிசாமி அண்ணனுக்கு மூச்சு வாங்கியது.

"வாயை மூடிட்டு மூக்கு வழியா விடுங்ணா. குளிர்ல வாயத் திறந்தா இப்படித்தான் வாங்கும்."

"அதெல்லாம் எனக்குத் தெரியும் தாயி," என்றவர் வாயை மூடிக்கொண்டார்.

விமானத்துக்கு மேலே குடங்களைக் கொண்டுபோக ஏணி கூடாது என்று கட்டட உரிமையாளர் முன்பே எழுதியிருந்தார். ஆளைத் தூக்கும் லிஃப்ட் ஒன்றை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். எடுத்த பிறகுதான் தெரிந்தது, அதை ஓட்டச் சான்றிதழ் உள்ளவர் கோயிலில் ஒரே ஒருவர் என்று. பட்டுப்புடவைக்கு மேல் ஆரஞ்சுப் பட்டை ஜாக்கெட்டும் இடுப்பில் பாதுகாப்புப் பட்டையுமாக அக்கா பிடியைப் பிடிக்க, அதே கோலத்தில் குருக்களும், குடத்தை நெஞ்சோடு அணைத்தபடி பழனிசாமி அண்ணனும், எல்லோருக்கும் மேலே போனார்கள். பழனிசாமி அண்ணன் கண்ணைத் திறக்கவே இல்லை.

குருக்கள் ஆறுகளின் பெயர்களை ஒவ்வொன்றாக அழைத்தார். காவிரிக்குப் பிறகு ஒரு சின்ன இடைவெளி விட்டு, "அவோராக்கி" என்றார். சரியாகச் சொன்னார். பிறகு தண்ணீர் விழுந்தது. கீழே நின்ற எங்கள் தலையிலும் தெளித்தது. ஜில்லென்றிருந்தது.

இறங்கி வந்து பாதுகாப்புப் பட்டையைக் கழற்றியதும் அக்கா என்னைத் தேடினார்.

"அந்தப் புள்ள மேரேக்கு மெசேஜ் போடு."

போனை எடுத்தேன். "என்னன்னு?"

"வந்துட்டாருன்னு போடு." நனைந்த முடியைக் கோதிக்கொண்டார். "மோட்டார்வேல ட்ராஃபிக், கொஞ்சம் லேட்டுன்னும் போடு."